வாயில்லா ஜீவனும் வீட்டுக் காமிராவும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

விஞ்ஞானம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வருகின்றது என்பதை நாம் அனைவரும் அறிவோம். தொலைவில் இருப்பதை இருந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு நெடுநாளாகவே உண்டு. இங்கிலாந்து நாட்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தின் கணினி ஆய்வாளர்கள், காப்பி தீர்ந்துவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ப் பார்ப்பதில் சலிப்புற்று, 1991-ஆம் ஆண்டில் காப்பிப் பாத்திரத்தின் எதிரே ஒரு காமிராவைப் பொருத்தித் தத்தம் மேசையிலிருந்தே பார்த்துக்கொண்டனர். 1993-இல் அக்காட்சி இணையத்திலும் வந்தது. 2001-இல்தான் அந்தக் காமிரா ஓய்வு பெற்றது. காப்பிக்காகத் திறந்த அந்தக் கண், இன்று உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சிறுத்து நம் ஊர்க் கடைகளுக்கே வந்துவிட்டது. வேலைக்குச் செல்வோர் பலர், வீட்டில் விட்டு வந்த நாயையும் பூனையையும் அதன் வழியே கைப்பேசியில் பார்த்துக்கொள்கின்றனர்.

இந்தக் காமிராவை வாங்கப் போகும்போது படம் தெளிவாகத் தெரியுமா, இருட்டில் தெரியுமா, நாம் பேசினால் அங்கே கேட்குமா என்றெல்லாம் கேட்கின்றோம். அதற்கு மின்சாரம் கொண்டு செல்லும் கேபிளைப் பற்றிக் கேட்பவர் மிகச் சிலரே. பூட்டிய வீட்டுக்குள் கேட்பாரற்றுத் தனியே இருக்கும் ஒரு வாயில்லா ஜீவனுக்கோ, படத்தின் தெளிவைவிட அந்தக் கேபிள் போகும் வழியே பெரிது. இதை எங்கள் வீட்டில் நாங்கள் அறிந்துகொண்ட விதத்தை இங்கு எழுதுகின்றோம்.

ஆரணி என்றதும் பலரும் திருவண்ணாமலை மாவட்டத்துப் பட்டு ஆரணியை நினைப்பர். எங்கள் ஆரணி திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆந்திர மாநிலத்தில் தோன்றிப் பழவேற்காட்டு ஏரியில் சேரும் ஆரணியாற்றின் கரையில் உள்ளது. எங்கள் பகுதியில் வயலுக்குப் போவோரும் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டு வேலைக்குப் போவோரும் உண்டு. எங்கள் அப்பாவும் அம்மாவும் இரண்டாம் வகையினர். வீட்டில் பெண் மக்கள் நாங்கள் இருவர். ஒருத்தி பத்தாம் வகுப்பு, மற்றவள் ஏழாம் வகுப்பு. காலை ஏழரை மணிக்கு வீட்டைப் பூட்டினால், மாலை நாங்கள் பள்ளி விட்டு வந்து திறக்கும்வரை உள்ளே இருப்பவை இரண்டே உயிர்கள். ஒன்று மணி என்னும் ஐந்து மாத நாய்க்குட்டி. மற்றொன்று சின்னி என்னும் பூனை.

மணிக்குத் திடீர் திடீரென்று வலிப்பு வரும். கால்கள் விறைக்கும், வாயில் நுரை தள்ளும், தரையில் புரளும். சிறிது நேரத்தில் தானே எழுந்து, ஒன்றும் அறியாதது போல் எங்கள் முகத்தைப் பார்க்கும். கால்நடை மருத்துவர் மாத்திரை கொடுத்துவிட்டு, “வலிப்பு எப்போது வருகிறது, எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று குறித்து வாருங்கள். அதைப் பார்த்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டும்” என்றார். இரவில் வருவதை நாங்கள் குறிப்போம். பகலில் வருவதை யார் குறிப்பது? ஆகவேதான் காமிரா வாங்கலாம் என்று அப்பாவிடம் கேட்டோம். அப்பா உடனே சம்மதித்தார். அம்மாதான் முடியவே முடியாது என்றார்.

அம்மா சிறுமியாக இருந்தபோது பழவேற்காட்டுத் தாத்தா வீட்டில் ஒரு நாய்க்குட்டி வளர்ந்ததாம். எல்லாரும் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் அது மேசை விசிறியின் ஒயரைக் கடித்துவிட்டது. திரும்பி வந்து கதவைத் திறந்தவர்கள் கண்டது ஒயரை வாயில் கவ்வியபடியே கிடந்த அதன் உடலைத்தான். இதை அம்மா எங்களிடம் அதுவரை சொன்னதே இல்லை. சொல்லி முடித்துவிட்டு எங்களிடம் மூன்று கேள்விகள் கேட்டார். “அந்த ஒயரை எந்த வழியாக விடுவீர்கள்? மணி அதைக் கடித்தால் என்ன செய்வீர்கள்? நான் மெஷின் முன்னால் நிற்கும்போது ஃபோனைக் கையில் எடுக்க முடியாது. நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பீர்கள். அப்படியே பார்த்தாலும், பார்க்கத்தானே முடியும், கை நீட்டிப் பிடிக்க முடியுமா?”

மூன்றாவது கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. காமிராவுக்குக் கண் உண்டு, கை இல்லை. ஆகவே அதைப் பார்த்துக் காப்பாற்றலாம் என்று எண்ணுவதில் பயனில்லை; பூட்டுவதற்கு முன்பே ஆபத்தை நீக்கிவிட்டுப் போவதுதான் காப்பு. அப்படியானால் முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டால் மூன்றாவது கேள்வி தானே அடங்கிவிடும் என்று எங்களுக்குத் தோன்றியது. ஒரு வார அவகாசம் கேட்டோம். அம்மாவும், “சரி, எழுதிக் காட்டுங்கள், பார்க்கிறேன்” என்றார்.

முதலில் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கேட்டோம். இந்தக் காமிராவின் வழியில் இரண்டு வகை மின்சாரம் உண்டு என்று அவர் விளக்கினார். சுவரிலுள்ள பிளக் வரை வருவது 230 வோல்ட். உயிரைக் கொல்ல வல்லது. பிளக்கில் செருகும் அடாப்டர் அதை வெறும் 5 வோல்ட்டாகக் குறைத்து விடுகிறது. அடாப்டரிலிருந்து காமிராவுக்குப் போகும் யூ.எஸ்.பி. கேபிளில் ஓடுவது இந்த 5 வோல்ட்தான். அது ஷாக் அடித்துக் கொல்லாது. ஆகவே காமிராவைத் தூரத்தில் வைக்க வேண்டுமானால், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு 230 வோல்ட்டைத் தரைவழியே இழுத்துக்கொண்டு போவது தவறு. 230 வோல்ட்டைச் சுவரிலேயே நிறுத்திவிட்டு, 5 வோல்ட் கேபிளைத்தான் நீட்ட வேண்டும்.

அதற்காக 5 வோல்ட் கேபிளை எங்கு வேண்டுமானாலும் போடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. நாய் அதைக் கடித்து உள்ளிருக்கும் செம்புக் கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டால் சூடேறும். கடித்த பிளாஸ்டிக்கையும் கம்பியையும் விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும். இவை அனைத்திலும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மட்டமான அடாப்டரில் 230 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் பிரித்து வைக்கும் பாகம் பழுதானால், 5 வோல்ட் என்று நாம் நம்பும் கேபிளிலேயே 230 வோல்ட் வந்து நிற்கக் கூடும். ஆகையால் அடாப்டரில் சிக்கனம் கூடாது. நம் நாட்டின் கட்டாயப் பதிவு ஆணையின்படி, இத்தகைய அடாப்டர்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அடாப்டரின் மீது ஐ.எஸ். என்று தொடங்கும் தர எண்ணும், ‘ஆர்’ என்னும் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் பொடி எழுத்தில் இருக்கும். கடைக்காரர் எவ்வளவுதான் புகழ்ந்தாலும் இந்த எழுத்து இல்லாததை வாங்கலாகாது.

அடாப்டரின் மீது மேலும் இரண்டு செய்திகள் அச்சிடப்பட்டிருக்கும். வோல்ட் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு என்பனவே அவை. காமிரா 5 வோல்ட் கேட்டால் அடாப்டரும் 5 வோல்ட் தருவதாகவே இருக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆம்பியரோ காமிரா கேட்பதைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஏனெனில் காமிரா தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். குறைந்தால்தான் தொல்லை. இரவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு எரியும்போதும், காமிரா தலையைத் திருப்பும்போதும் கூடுதல் மின்னோட்டம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் காமிரா அணைந்து அணைந்து எரியும்.

அடுத்தது கேபிளின் நீளமும் பருமனும். இங்கேதான் எங்கள் பாடப் புத்தகம் கைகொடுத்தது. ஜெர்மானிய விஞ்ஞானி ஓம் 1827-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியை மின்னோட்டவியல் பாடத்தில் நாங்கள் படித்திருந்தோம். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்தம் கிடைக்கும் என்று மனப்பாடமாகச் சொல்வோம். அந்தச் சூத்திரம் ஒரு நாய்க்குட்டிக்காகவும் பயன்படும் என்று நினைத்ததில்லை. எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடம் கேட்டபோது, “ஆய்வுக்கூடம் எதற்கு இருக்கிறது? வாருங்கள், செய்தே பார்த்துவிடலாம்” என்று அழைத்துச் சென்றார். வகுப்புத் தோழியர் இருவரும் எங்களுடன் சேர்ந்துகொண்டனர்.

கேபிளின் மேலுறையில் அதன் பருமன் எண்ணாக அச்சிடப்பட்டிருக்கும். இதற்கு ஏ.டபிள்யூ.ஜி. என்று பெயர். எண் பெரிதானால் கம்பி மெல்லியது, எண் சிறிதானால் கம்பி தடித்தது என்பது இதில் விந்தை. 28 என்றால் கம்பியின் விட்டம் சுமார் 0.32 மில்லி மீட்டர். 24 என்றால் 0.51, 20 என்றால் 0.81. சில கேபிள்களில் இரண்டு எண்கள் இருக்கும். ‘1பி’ என்பதன் அருகில் உள்ளது செய்தி செல்லும் கம்பிக்கு உரியது. ‘2சி’ என்பதன் அருகில் உள்ளதே மின்சாரம் செல்லும் கம்பிக்கு உரியது. நாம் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணையே.

எங்கள் வீட்டுக்கு 3 மீட்டர் கேபிள் தேவைப்பட்டது. மின்சாரம் போகவும் திரும்பவும் வேண்டும் அல்லவா? எனவே கம்பியின் மொத்த நீளம் 6 மீட்டர். 28-ஆம் எண் கம்பியில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் மின்தடை. 6 மீட்டருக்கு 1.28 ஓம் ஆகிறது. 1 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.28 வோல்ட் போய்விடும். 5 வோல்ட் புறப்பட்டு, காமிராவை அடையும்போது 3.7 வோல்ட்தான் மிஞ்சும். 24-ஆம் எண்ணில் அரை வோல்ட் போகும், 4.5 மிஞ்சும். 20-ஆம் எண்ணிலோ 0.2 வோல்ட்தான் இழப்பு, 4.8 வந்து சேரும். சிஸ்டர் பயனற்றுப்போன இரண்டு கேபிள்களின் முனையை வெட்டிச் சிவப்பு, கறுப்புக் கம்பிகளை வெளியே எடுத்து, 5 ஓம் மின்தடையோடு இணைத்துக் காட்டினார். மெல்லிய கேபிளில் வோல்ட்மீட்டர் முள் 4 வோல்ட்டை எட்டவில்லை. தடித்த கேபிளில் 4.7-ஐத் தொட்டது. சூத்திரம் சொன்னதையே முள்ளும் சொன்னபோது நாங்கள் கைதட்டிவிட்டோம்.

அப்போது ஒரு தோழி, “சிஸ்டர், வீட்டு ஒயரில் மட்டும் ஏன் இந்த இழப்பு தெரிவதில்லை?” என்று கேட்டாள். சிஸ்டர் எங்களையே கணக்கிடச் சொன்னார். 5 வாட் காமிராவுக்கு 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் வேண்டும். 230 வோல்ட்டிலோ ஏறக்குறைய 0.02 ஆம்பியர் போதும். ஓட்டம் குறைந்தால் இழப்பும் குறைகிறது. அத்திப்பட்டிலுள்ள வடசென்னை அனல் மின் நிலையத்தில் பிறக்கும் மின்சாரம், நம் வயல்களின் மேலே உயர்ந்த கோபுரங்களில் லட்சக்கணக்கான வோல்ட்டில் பயணம் செய்வதும் இதே காரணத்தால்தான். நாள்தோறும் பார்க்கும் அந்தக் கோபுரங்களும் எங்கள் வீட்டுச் சிறு கேபிளும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்பது எங்களுக்குப் பெரும் வியப்பாக இருந்தது. குறைந்த வோல்ட்டில் நீண்ட தூரம் போக வேண்டுமானால் கம்பி தடிமனாக இருக்க வேண்டும். தூரத்தையும் கூடிய மட்டும் குறைக்க வேண்டும். இதுவே நாங்கள் குறித்துக்கொண்ட பாடம்.

இனி அம்மாவின் முதல் கேள்விக்கு வருவோம். எந்த வழியாக விடுவது? நாங்கள் ஹாலின் படத்தைத் தாளில் வரைந்தோம். மணியைப் பின்னங்கால்களில் நிற்க வைத்து, அதன் வாய் எட்டும் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்தோம். இன்னும் வளரும் என்பதால் அதற்கு மேல் 2 அடி சேர்த்துக் கோடு போட்டோம். அந்தக் கோட்டுக்குக் கீழே எந்த ஒயரும் இருக்கலாகாது என்று முடிவு செய்தோம். சின்னியை எண்ணியபோது கோடு பயன்படவில்லை. பூனை நின்ற இடத்திலிருந்தே 5 அடிக்கு மேல் தாவ வல்லது. அலமாரி மீதேறித் தாவினால் பரணையும் எட்டிவிடும். ஆகவே உயரத்தை மட்டும் நம்பாமல் கேபிளை முழுவதும் மூடிவிட வேண்டும் என்று தெரிந்தது.

முதலில் காமிராவை எதிர்ச் சுவரின் மூலையில் வைக்க எண்ணியிருந்தோம். அங்கிருந்து ஹால் முழுவதும் நன்றாகத் தெரியும். ஆனால் அதற்குக் கேபிள் வாசலைக் கடக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் அண்ணன் தலையை ஆட்டினார். “காமிராவுக்கு இடம் பார்த்துவிட்டு ஒயரை இழுக்காதீங்கம்மா. கரண்ட் எங்கே இருக்கிறதோ அதைப் பார்த்துக் காமிராவை வையுங்க” என்றார். ஆகவே சுவிட்ச் போர்டு இருக்கும் சுவரிலேயே, தரையிலிருந்து 7 அடி உயரத்தில் இடம் தேர்ந்தோம். போர்டு நாலரை அடி உயரத்தில் உள்ளது. அங்கிருந்து இரண்டரை அடி மேலே, பிறகு கதவுச் சட்டத்தின் தலைப்பை ஒட்டி 5 அடி பக்கவாட்டில். மொத்தம் ஏழரை அடி, அதாவது 2.3 மீட்டர். 20-ஆம் எண் கொண்ட 3 மீட்டர் கேபிளை வாங்கினோம். மிஞ்சிய பகுதியைத் தொங்கவிடாமல், மடித்து நசுக்காமல், தளர்ந்த வளையமாகச் சுற்றிக் காமிராவின் அருகே ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடினோம்.

கேபிள் போகும் வழி நெடுக பி.வி.சி. கேசிங் பட்டை அடித்தோம். இது நாய்க்கும் பூனைக்கும் மட்டுமன்று, எலிக்கும் தடை. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையாவது கொறித்தே தீரும். வயல் சூழ்ந்த எங்கள் ஊரில் அறுவடை முடிந்ததும் எலிகள் வீட்டைத் தேடி வருவது வழக்கம். பட்டைக்கு ஆணி அடிக்கும்போது எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்ன எச்சரிக்கையைப் பெற்றோர் அனைவரும் நினைவில் வைக்க வேண்டும். சுவருக்குள் புதைந்த ஒயர்கள் பெரும்பாலும் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓடும். அந்த நேர்க்கோட்டில் ஆணி அடிக்கவே கூடாது. நாங்கள் போர்டிலிருந்து அரை அடி தள்ளி, அங்கும் ஆணிக்குப் பதில் பசை நாடாவால் பட்டையை ஒட்டினோம்.

செய்யக் கூடாதவை இன்னும் சில. கேபிளைப் பாய்க்கும் கோரைத் தடுக்குக்கும் அடியில் விடக் கூடாது. மிதிபட்டு நைவது வெளியே தெரியாது. கதவிடுக்கு, ஜன்னல் இடுக்கு வழியே விடக் கூடாது. ஒவ்வொரு முறை சாத்தும்போதும் நசுங்கும். அடுப்பு, ஃபிரிட்ஜின் பின்புறம், சாரல் படும் ஜன்னல் ஆகியவற்றின் அருகே விடக் கூடாது. அடாப்டரின் முனை பிளக்கில் ஆடினால் தீப்பொறி பறக்கும். அந்த சாக்கெட்டை மாற்ற வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் வைக்கவே கூடாது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது நம் திருவள்ளூர் மாவட்டத்தில் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறக்க முடியுமா? தரையில் கிடக்கும் பாக்ஸில் தண்ணீர் ஏறினால் நாய்க்கு மட்டுமன்று, கதவைத் திறந்து கால் வைக்கும் நமக்கும் அது எமன்.

அம்மாவின் இரண்டாவது கேள்வி, கடித்தால் என்ன செய்வது என்பது. எங்கள் வீட்டு மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. என்னும் பாதுகாப்புச் சுவிட்ச் உள்ளது. மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு உடல் வழியே தரைக்குக் கசிந்தால், கண் இமைப்பதற்குள் அது லைனைத் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் அம்மா மகிழ்வார் என்று எண்ணினோம். ஆனால் எலக்ட்ரீஷியன் அண்ணன் உண்மையை மறைக்கவில்லை. நாய் ஒயரைக் கடிக்கும்போது இரண்டு கம்பிகளும் அதன் வாய்க்குள்ளேயே இருக்கின்றன. ஒரு கம்பியிலிருந்து மறு கம்பிக்கு வாய் வழியே ஓடும் மின்சாரம் தரைக்குக் கசியாததால், ஆர்.சி.சி.பி. அதை அறியாமலே போகலாம். அந்த ஓட்டம் சிறியதாகையால் எம்.சி.பி.யும் விழாது. அம்மாவின் பழைய நாய்க்குட்டியின் கதி இப்போது எங்களுக்கு முழுவதும் விளங்கியது. பாதுகாப்புச் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். ஆனால் அதை நம்பி ஒயரைத் தரையில் விடலாகாது. வாய்க்கு எட்டாத வழி ஒன்றே உறுதியான பாதுகாப்பு.

நாய்க்குட்டி ஏன் கடிக்கிறது என்பதையும் அறிந்துகொண்டோம். அதற்கு 28 பால் பற்கள் உண்டு. ஏறக்குறைய நான்காம் மாதத்தில் விழத் தொடங்கி, ஏழாம் மாதத்திற்குள் 42 நிலைப் பற்கள் முளைக்கின்றன. அப்போது ஈறு தினவெடுக்கும். எதைக் கண்டாலும் கடிக்கும். அதை அடிப்பதால் பயனில்லை. கடிக்கத் தகுந்த ஒன்றைக் கொடுக்க வேண்டும். பழைய துணியைத் தடித்த கயிறாகப் பின்னி நீரில் நனைத்துக் கொடுத்தோம். மணிக்கு அது பிடித்துவிட்டது. நூல் பிரிந்தால் விழுங்கிவிடும் என்பதால் நாள்தோறும் பார்த்து மாற்றுகின்றோம்.

அப்படியும் எங்கேனும் ஒரு பிராணிக்கு ஷாக் அடித்துவிட்டால், பதறிப்போய் அதைத் தொட்டுவிடக் கூடாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும். அணைக்க முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் ஒயரை அகற்ற வேண்டும். பிராணி எழுந்து நடமாடினாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாயில் பட்ட தீப்புண் உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வருவதும் உண்டு. கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

இவற்றையெல்லாம் படத்துடன் ஒரு நோட்டில் எழுதி அம்மாவிடம் கொடுத்தோம். மின் செலவையும் கணக்கிட்டிருந்தோம். 5 வாட் காமிரா இரவு பகலாக 60 நாள் ஓடினாலும் 7.2 யூனிட்தான் ஆகும். அம்மா ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். பேட்டரியில் ஓடும் காமிரா ஆகாதா என்று கேட்டார். அதை அடிக்கடி கழற்றிச் சார்ஜ் செய்ய வேண்டும்; மணிக்கு வலிப்பு வரும் நேரத்தில் அது தீர்ந்து போயிருந்தால் என்ன செய்வது என்றோம். பிறகு அம்மா தம் பங்குக்கு ஒரு நிபந்தனை சேர்த்தார். நாங்கள் வீட்டுக்கு வந்ததும் காமிராவின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும்; பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது எப்போதும் விழித்திருக்கத் தேவையில்லை என்றார். அதுவும் சரியே. இரவில் வலிப்பு வந்தால் குறிக்கத்தான் நாங்கள் இருக்கின்றோமே. காமிராவுக்கு நாங்களே ஒரு கடவுச்சொல்லையும் அமைத்தோம்.

காமிரா வைத்த பதினோராம் நாள் மதியம் மணிக்கு வலிப்பு வந்தது. அப்போது அதை யாரும் பார்க்கவில்லை. அப்பாவும் அம்மாவும் வேலைத் தளத்தில். நாங்கள் கணிதத் தேர்வில். மாலையில்தான் பதிவைப் பார்த்தோம். 1 மணி 52 நிமிடத்திற்கு மணி விறைத்து விழுந்தது. ஹாலின் நடுவிலிருந்து சுவர் ஓரம்வரை புரண்டது. கால்கள் நாலாபுறமும் உதைத்தன. வாய் எதையோ கவ்வுவது போல் திறந்து திறந்து மூடிற்று. இரண்டரை நிமிடத்தில் தெளிந்து, தண்ணீர்க் கிண்ணத்தை நோக்கித் தள்ளாடி நடந்தது. அம்மா பதிவை ஒருமுறைதான் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து போய், மணி புரண்ட அந்தச் சுவர் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தார். அங்கே வெறும் தரைதான் இருந்தது.

மறுநாள் பதிவைக் கண்ட மருத்துவர் மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்தார். இப்போது வலிப்பு குறைந்திருக்கின்றது. ஞாயிறுதோறும் நாங்கள் ஏணி வைத்து ஏறிக் கேசிங் பட்டையில் பல் தடமோ பிளவோ உள்ளதா என்று பார்க்கின்றோம். அடாப்டரைத் தொட்டு, அளவுக்கு மீறிச் சுடுகிறதா என்றும் பார்க்கின்றோம். அம்மா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வார்.

ஆகவே அன்புத் தோழியரே, மதிப்பிற்குரிய பெற்றோரே! வீட்டுக்கு ஒரு புதிய பொருள் வரும்போது, அது என்ன செய்யும் என்று கேட்பதோடு நில்லாமல், அதன் ஒயர் எந்த வழியாகப் போகும் என்றும் கேளுங்கள். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. வாயில்லா ஜீவன்கள் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. நாம் கதவைப் பூட்டிக்கொண்டு போகும்போது, எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் படுத்துக்கொள்கின்றன. அந்த நம்பிக்கைக்கு நாம் பொறுப்பாளிகள். இன்று மாலை வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டுத் தரையில் எந்த ஒயர் கிடக்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.